சுவருக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3
மறுபடியும் அந்தச் சத்தம். கூடத்தில் உட்கார்ந்தால் போதும், ஈயென்று மெல்லிசாகக் காதுக்குள் ஊசி இறங்குகிறது. மனைவிக்குக் கேட்கவில்லையாம். மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையையே தூக்கவில்லை. நான் வேலை பார்க்கும் டிவி ரிப்பேர் கடையில் எனக்குப் பாம்புச்செவி என்று பெயர். பெட்டியைத் திறக்குமுன்பே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். வீட்டில் என் பேச்சுக்கு அந்த மரியாதை இல்லை.

மார்ச் 6
கேபிள் பெட்டியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினேன். நான்கு அடி. ஐந்தாவது அடியில் தரை டைல்ஸ் விரிசல் விட்டது. பத்து நிமிடம் நிம்மதி. பிறகு அதே ஈ சத்தம்.

மார்ச் 7
சார்ஜர்கள் மூன்று. மிதித்தே உடைத்தேன்.

மார்ச் 11
டிவி. நாற்காலியைத் தூக்கி வீசினேன். தெறித்த சில்லு மனைவியின் கணுக்காலைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்த பிறகும், சத்தம் நின்றதா என்றுதான் முதலில் காது கொடுத்தேன். எழுதக் கூசுகிறது. மகள் கட்டிலுக்கடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தாள். நான் போட்ட கூச்சலுக்காக என்று நினைத்தேன்.

மார்ச் 14
மச்சான் வந்தான், மனைவியின் தம்பி. காது டாக்டரிடம் போகச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"சத்தம் வீட்டுல இல்ல அத்தான், உங்க மண்டைக்குள்ள."
வாயிலேயே குத்தினேன். அவன் உதடு பிளந்தது, என் கை முட்டி கிழிந்தது. விழுந்தவனை உதைக்கப் போனேன் — மனைவி குறுக்கே விழுந்தாள். உதை யார்மேல் பட்டது? தெரியும். எழுத மாட்டேன்.
இருட்டுவதற்குள் பெட்டியும் பிள்ளையுமாகத் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மார்ச் 15
வீடே காலி. சத்தம் மட்டும் போகல. இனி எதை ஒடைக்கிறது? ஒடைக்க என்ன மிச்சம் இருக்கு?

மார்ச் 16
கடையில் முதலில் செய்வதை வீட்டில் கடைசியாகச் செய்தேன். மெயினை அணைத்தேன். சத்தம் நின்றது. ஒவ்வோர் அறையாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே வந்தேன். மகளின் அறைக்குக் கொடுத்ததும் — ஈ.
டிவி மாட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம், அவள் தலையணையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், படிக்கும் விளக்கின் அடாப்டர். கடைக் கழிவிலிருந்து பொறுக்கி, நானே ஒட்டுப்போட்டு அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. என் கைவேலையைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. தலையணை உறைக்குள் இரண்டு பஞ்சு உருண்டைகள் இருந்தன. காதில் வைத்து அழுக்கேறியவை.

மார்ச் 17
மச்சான் வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. நியாயம்தான். கம்பிக் கதவு வழியாக மகளிடம் கேட்டேன், உனக்கும் கேட்டதா என்று.
"கேக்கும்பா. வெளக்கு வந்ததுலேருந்தே."
ஏன் சொல்லவில்லை என்றேன்.
"சொன்னா ஒடைப்பீங்க. பக்கத்துல நான்தானே இருப்பேன்."
வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

மார்ச் 24
விளக்குக்குப் புது அடாப்டர் போட்டு எடுத்துப்போனேன். மச்சான் கதவைத் திறந்தான், உதட்டில் தையல். மனைவி காலைத் தாங்கித் தாங்கி வந்து எட்டவே நின்றாள். விளக்கை முன்கூடத்தில் செருகி, கேட்டுப் பார் என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் உள்ளறை நிலைப்படியைத் தாண்டவில்லை.
"கையப் பின்னாடி கட்டிக்கோங்கப்பா. வர்றேன்."
கட்டிக்கொண்டேன். அவள் வந்து, விளக்கருகில் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள். சத்தம் இல்லை என்றாள். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
கையை எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. தெருமுனை வரை அப்படியே நடந்தேன்.