மாமாவின் பெயரை வெட்டவில்லை

திருகோணமலை
18.7.1964

என் அன்பு மகள் எல்சிக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் நல்ல சுகம், அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று நாளும் செபிக்கிறேன். மகள், எழுத்துக் கோணல் மாணலாய் வருது, சந்தோசத்தில்தான், பயப்படாதே. ஹெக்டர் மாமாவின் பெயரை, வழக்குப் பேசுகிற பிரக்கிராசிமாரின் பெயர் இடாப்பிலிருந்து வெட்டவில்லை! இப்பத்தான் கொழும்பிலிருந்து வந்து இறங்கினோம், கோச்சிக் களைப்புக்கூடத் தீரவில்லை, உனக்குத்தான் முதல் எழுதுகிறேன்.

போன வருஷம் மாமா குடித்துவிட்டுக் காரோட்டி, கிண்ணியா அலியாரை மோதிவிட்டு நிற்காமல் வந்ததும், பிறகு சிறையில் மறியல் இருந்ததும் உனக்குத் தெரியும்தானே. மறியலோடு எல்லாம் முடிந்ததென்று இருந்தோம், இல்லையாம், குற்றவாளியாய்த் தீர்ந்த பிரக்கிராசி இனி அந்தத் தொழில் செய்யலாமா என்று சுப்பிரீம் கோட்டில் தனியாக விசாரிப்பார்களாம். கொழும்புப் புதுக்கடைக் கோட்டில் மூன்று நீதிபதிமாருக்கு முன்னால், மற்றவர்களுக்காகப் பேசித் திரிந்த மனிசன் தலை குனிந்து நின்றார். அரசாங்கப் பக்கம் வாதாடிய அப்புக்காத்து, அடிபட்டவனை றோட்டில் விட்டு ஓடினவரை நம்பி ஆர் வழக்குக் கொடுப்பினம் என்று கேட்டார். சரியான கேள்விதான்.

பிறகு எங்கட அப்புக்காத்து அலியாரைக் கூப்பிட்டார். அவர் பொல்லை ஊன்றி வந்து, கால் இன்னும் நோகுது ஐயா, இவரில் கோபம் தீரேல்லை, தீரப்போறதுமில்லை என்றார். உடனே அவரே, ஆனால் அண்டைக்கு இருட்டில் எந்தக் காரெண்டு நானும் காணேல்லை, வேற ஒருத்தரும் காணேல்லை, விடிய இவரே பொலிசுக்குப் போய்ச் சொல்லாட்டி இண்டைக்கும் தெரிஞ்சிராது, அதை மறைக்க ஏலாது என்றாரே! நடுவில் இருந்த நீதிபதி, ஏன் போனீர் என்று மாமாவைக் கேட்டார். அலியார் கிடந்த ஆஸ்பத்திரிக்கு விடிய ஒளிச்சு ஒளிச்சுப் பார்க்கப் போனனான், அவரின் மனிசி பல்கீஸ் என்னைக் கண்டு ஓடிவந்து, மோதினவனைப் பிடிச்சால் நீங்கள்தான் ஐயா எங்களுக்குப் பேச வேணும் எண்டு கேட்டவ, அதுக்குமேல் நிற்க ஏலாமல் நேரே பொலிசுக்குப் போனனான் என்று மாமா சொன்னார். இதை எங்களுக்கே அவர் சொன்னதில்லை மகள்.

பின்னேரம் தீர்ப்பு. இரண்டு வருஷம் தொழில் செய்யக்கூடாது, பெயர் இருக்கட்டும் என்றார்கள். நான் என்னை மறந்து கை தட்டிப்போட்டேன், கோட்டுப் பியோன் முறைத்த முறைப்பு! அப்பா என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினார். வெளியில் மாமா கையை நீட்ட, அலியார் பிடிக்கவில்லை, நான் உங்களுக்காகச் சொல்லேல்லை என்று சொல்லிவிட்டு நடந்தார். மாமா, அது சரிதான் அக்கா என்றார், அவ்வளவுதான். மறியலால் வந்த நாள் தொட்டு அவர் குடியைத் தொட்டதுமில்லை.

ஆஸ்பத்திரி வேலையென்று சாப்பாட்டை விடாதே, ஈரத் தலையோடு படுக்காதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மாமாவுக்கும் இரண்டு வரி எழுது. ஆனால் உறையில் பிரக்கிராசியார் என்று போடாதே, இப்ப அந்தப் பேர் தனக்கில்லையாம், வெறும் ஹெக்டர் என்று எழுதச் சொல்லி அவரே சொன்னவர்.

உன் அம்மா
ஞானமலர்