சுள்ளியின் மெத்தை குறித்துக் கடம்பறை அரசிக்கு

நீரும் நெல்லும் நிறைக. குவளைநாடுடைய கோ தண்புனலனார் அரண்மனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அமைச்சுத் தொழில் பார்த்த சேந்தன் அருவந்தை எழுதுவித்த ஓலை. முகில் இறங்கித் தங்கும் கடம்பறை மலைக்கும், அம்மலையின் தேனுக்கும் தினைக்கும், வில்லெடுத்த குடிகளுக்கும் உரிய அரசி வேல்நங்கையார் திருமுன் இது படிக்கப்படுக. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் கணவாயில் இனி அம்பு பறவாதிருக்க.

தங்கள் நாய்க்குட்டி நோயுற்ற செய்தி கேட்டு, அதன் மெத்தையைத் தைத்த சாத்தி என்னும் தையற்காரியை நாளை மறுநாள் பொழுது சாய்வதற்குள் கணவாயில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்றும், தவறினால் வில்லவர் கீழிறங்குவர் என்றும் தாங்கள் விடுத்த ஓலை நேற்று வந்து சேர்ந்தது. அதற்கு மறுமொழி ஒரு சொல்லில் அடங்கும். அந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்ல, இதை எழுதுவிக்கும் அமைச்சனுக்கு ஐந்து நாள் பிடித்தது. ஆகவே நடந்தது முழுவதையும் பொறுமையோடு கேட்டருள வேண்டும்.

ஏழாண்டுப் போர் ஓய்ந்து, தங்கள் மலைவழக்கப்படி தங்கள் வீட்டு வேட்டைநாய் ஈன்ற குட்டி சுள்ளி, உடன்படிக்கையின் உயிராக இங்கு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஒரு மண்டலம் அது இங்கே நலமாயிருந்தால் உடன்பாடு நிலைக்கும், இல்லையேல் குலையும் என்பது இரு நாட்டாரும் கைதொட்டு ஒப்பிய சொல். குட்டியோடு வந்த தங்கள் ஓலையில் இரண்டு செய்திகள் இருந்தன. தங்கள் கேடயத்தின் விளிம்பைக் கடித்ததில் அதன் இடது மேற்பல் ஒன்று முறிந்துபோயிற்று என்பது ஒன்று. புகுந்த வீட்டார் தாங்கள் உடுத்துப் பழகிய துணியால் அதற்கு மெத்தை தைத்துப் போட வேண்டும் என்பது மற்றொன்று.

முறிந்த பல்லே இப்படியென்றால், மீதிப் பற்களின் ஆற்றலைச் சொல்லவும் வேண்டுமோ. வந்த இரண்டு நாளில் அமைச்சனின் செருப்பு, ஓலைக்காரனின் எழுத்தாணிப் பிடி, படைத்தலைவர் முப்பது போரில் காத்த வாளின் உறை எல்லாம் போயின. அரியணைக் காலில் பல் பட்ட அன்று கோமகனார் தண்புனலனார் வாய்விட்டுச் சிரித்தார். ஏழாண்டாய் அவர் சிரித்து யாரும் கண்டதில்லை.

மெத்தைக்குத்தான் வழி பிறக்கவில்லை. இவ்வரண்மனையில் ஒருமுறை உடுத்ததை மறுமுறை உடுத்தும் வழக்கமில்லை. மாலைக்குள் அது பணியாளர் வீடுகளுக்குப் போய்விடும். தேடித் தேடிப் பார்த்தும் அரண்மனை முழுவதிலும் பழந்துணி என்று ஒரு முழம் இல்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்க அமைச்சனுக்கு வெட்கமாயிருந்தது. அரசியார் கேட்டது பழந்துணி. அதனினும் மேலாகப் புதுப்பட்டு போட்டால் யார் குறை சொல்லப்போகிறார் என்று அவனே தன் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மெத்தை தைக்க அழைக்கப்பட்டவள் சாத்தி. அரண்மனைக் கொட்டில்களில் குதிரைகளுக்குச் சேணமெத்தை தைப்பவள். கடிக்கும் வாய்களை அறிந்தவள். பட்டையும் பொன்னிழையையும் இலவம்பஞ்சையும் கண்டதும் அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். குட்டிக்குப் பல் முளைக்கிற காலம் ஐயா, அது கடிக்கத்தான் கடிக்கும் என்றாள். பஞ்சு வேண்டாம், பழைய பருத்தியையே ஏழெட்டு மடிப்பாக மடித்து நெருக்கத் தைத்துவிடலாம். மூலையில் முத்து வேண்டாம், இழை வேண்டாம். ஓரத்தில் முறுக்கிய துணிவார் நான்கு வைத்தால் வாய்க்கு ஒரு வேலையிருக்கும், மெத்தையை விட்டுவிடும் என்றாள். புதுத்துணியில் ஆள் வாடை இருக்காது, அந்நிய வீட்டில் பயந்த குட்டி எதைக் கண்டாலும் கிழிக்கும் என்றும் சொன்னாள்.

அமைச்சன் எரிந்து விழுந்தான். ஒரு நாட்டின் பரிசைக் கந்தையில் கிடத்தச் சொல்கிறாயா, உன் வேலை ஊசி கோப்பது, என் வேலை நாடு காப்பது என்றான். அவள் அவன் சொன்னபடியே பட்டில் தைத்து, பொன்னிழையால் கரை கட்டி, பஞ்சு அடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மெத்தை போட்ட நாலாம் நாள் கரை பிய்ந்து, பஞ்சு கூடமெங்கும் பறந்தது. சுள்ளி மூலையில் சுருண்டு கிடந்தது. பாலைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. செருப்பை வாயருகே வைத்துப் பார்த்தார்கள், அதையும் கடிக்கவில்லை. அப்போதுதான் வைத்தியரை அழைக்க ஆள் ஓடியது; குட்டி பொன்னிழையை விழுங்கியிருக்கிறது என்றார் அவர்.

மறுநாள் அவையில் இம்மெத்தையைத் தைத்தது யார் என்று கோமகனார் வினவினார். சாத்தி என்றார்கள். அவள் கணவன் தங்கள் வில்லவர் அம்பால் கணவாயில் மாண்டவன் என்பதை யாரோ எடுத்துச் சொல்ல, பழிவாங்கத்தான் செய்திருக்கிறாள் என்று அவை முழுதும் முணுமுணுத்தது. பட்டு என்றவன் யார், பஞ்சு என்றவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. கேளாமலே சொல்லியிருக்க வேண்டியவன் வாயில் கொழுக்கட்டையை அடக்கியவன்போல நின்றான். முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஒரு பிழையும் சொல்லப்படாத பேர் அவனுக்கு. அந்தப் பேரைக் காத்துக்கொள்ள ஒரு கைம்பெண்ணைச் சிறைக்கு அனுப்பினான். இதை எழுதுவிக்கையில் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் அவன் சிறைக்குப் போனான். பொறுத்துக்கொள் என்று கேட்க வந்த நா, குட்டியை எப்படிப் பிழைக்க வைப்பது என்று மட்டும் கேட்டது. சாத்தி அவனைத் திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவளோ, ஆமணக்கெண்ணெய் ஊற்றுங்கள், கஞ்சித்தண்ணீர் விடாமல் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். பெட்டியில் அவள் கணவனின் இரண்டு வேட்டிகள் இருந்தன. போருக்குப் போன நாளில் அவிழ்த்துப் போட்டவை. அவள் அவற்றைத் துவைக்கவேயில்லை.

சிறையிலிருப்பவளுக்கு ஊசி கொடுக்கக் காவலர் மறுத்ததால் அமைச்சன் பிணையாக அங்கேயே தரையில் அமர்ந்தான். அவள் வேட்டிகளைக் கிழித்து மடித்துத் தைத்தாள். பொழுது போனதே தெரியவில்லை. கடைசி வாரை முறுக்குகையில், உன் கணவனைக் கொன்றவர் வீட்டுக் குட்டிக்கா இது என்று அமைச்சன் கேட்டுவிட்டான். வில்லைப் பிடித்தது நாயா ஐயா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அன்றுமுதல் சுள்ளி அமைச்சன் கூடத்தில் அம்மெத்தைமேல் கிடக்கிறது. சாத்தி காவலோடு அருகிலிருக்கிறாள். விழுங்கிய பொன்னிழை, ஓலையில் சொல்லக் கூசும் வழியாக, நேற்று வெளிவந்தது. ஆனாலும் குட்டி எதையும் கடிக்கவில்லை. அது பிழைக்கும் என்று சொல்ல வைத்தியருக்கு வாய் வரவில்லை.

இன்று காலை அமைச்சன் அவையில் உண்மையைச் சொன்னான். கோமகனார் அவன் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கடம்பறைக்கு நீயே எழுது, என் இலச்சினை இல்லாத ஓலையை அவர்கள் நம்பினால் அது உன் நற்பேறு என்று கட்டளையிட்டார். இலச்சினையில்லாத ஓலை காய்ந்த மட்டைக்குச் சமம் என்பது ஓலை விடுப்போர் அனைவரும் அறிந்தது. சாத்தியின் உயிரோ அப்படிப்பட்ட ஓர் ஓலையைத்தான் நம்பியிருக்கிறது.

இவ்வளவில் எழுதுவிப்பது சற்று நின்றது. நின்ற காரணத்தையும் சொல்லியாக வேண்டும்.

மை தடவிய முதல் ஓலையை ஓலைக்காரன் உலர்வதற்காகத் தரையில் வைத்திருந்தான். மெத்தையில் கிடந்த சுள்ளி தலை தூக்கியது, மூக்கைச் சுளித்தது, கால் தள்ளாட இறங்கி வந்து ஓலையின் வலது ஓரத்தை வாயில் வைத்து ஒரு கடி கடித்தது. பிறகு அது அந்த இடத்திலேயே படுத்து உறங்கிவிட்டது. சாத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு கடியால் பிழைத்துவிட்டது என்று இப்போதும் வைத்தியர் சொல்லவில்லை. அமைச்சனும் சொல்லத் துணியவில்லை.

வேறு நல்ல ஓலையில் பெயர்த்து எழுதுகிறேன் என்றான் ஓலைக்காரன். அமைச்சன் தடுத்துவிட்டான்.

ஆகவே அரசியார் முதல் ஓலையை மீண்டும் கையிலெடுத்து ஓரத்தைப் பார்த்தருள்க. கடியின் இடது மேற்பக்கத்தில் ஒரு பல்லின் இடம் வெறுமையாக இருக்கும். அந்த வாயை வளர்த்த கை தங்களுடையது. அது தங்களுக்குத் தெரியாமல் போகாது. தாங்கள் கேட்ட பிழையாளி சாத்தியல்லள், அருவந்தை. ஓலை முன்னே வருகிறது. அவன் பின்னே நடந்து வருகிறான். குறித்த பொழுதில் படையின்றிக் கணவாயில் நிற்பான். தாங்கள் விதிப்பது எதுவாயினும் அவன்மேல் விதிக்கப்படுக. சாத்தியைக் கேளாதிருக்க, குட்டிக்கு இப்போது அவள் வேண்டும்.

மலை நிலைக்க, மழை பொழிக, இரு நாட்டிலும் உயிர் பிழைக்க.

எழுதுவித்தவன் சேந்தன் அருவந்தை. எழுதியவன் அவன் ஓலைக்காரன். இலச்சினை பொறித்தது சுள்ளி.