டாக்டர் சொன்ன சாஸ்

8-7-85, திங்கள்
மழை. தாராவியெங்கும் கணுக்கால் தண்ணீர். அக்தர் பானு பிறந்து முப்பத்தெட்டு நாள். தொட்டிலில் தூங்குகிறாள். ஒரு வரி எழுதுவதும், அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுமாக இருக்கிறேன்.

மூத்தவள் ஹபீபா என் பக்கத்தில் படுத்தபடியே போய்விட்டாள், இரண்டு வருஷம் முன்னால். பிள்ளையின் மையத்தைக் கிடத்தியிருந்த வீட்டில் எல்லார் முன்னாலும் மாமி, என் வீட்டுக்காரரின் தாயார், சொன்னார்கள்: "தூக்கத்துல அமுக்கிட்டாளே!" நான் அமுக்கினேனா? எனக்கே தெரியாது. பானுவோடு நான் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

10-7
தூக்கத்தில் பானுவின் உதடு கறுத்தது. வயிறு அசையவில்லை. உள்ளங்காலைச் சுண்டியதும் இழுத்து மூச்சு விட்டாள். பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் சிரித்தாள்: "நரி வெரட்டுது, வேற ஒண்ணுமில்ல." கனவில் நரி விரட்டினால் உதடு கறுக்குமா?

11-7
மறுபடியும். தொட்டில் பக்கத்தில் மாமிதான் இருந்தார்கள். நான் அடுப்படியில். அல்லாவே, நான் தொடக்கூட இல்லை!

12-7
ஆஸ்பத்திரி. டாக்டர் பார்க்கும்போதே மூச்சு ஒருமுறை நின்றது. குறைமாசப் பிள்ளைகளுக்கு இப்படி வருமாம். மருந்து கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ஹபீபாவும் எட்டாம் மாசம் பிறந்தவள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். உறுதியாகச் சொல்ல முடியாது என்ற டாக்டர், என்னைப் பார்த்துச் சொன்னார்: "சாஸ் கா கசூர் ஹை, மா கா நஹீ." குற்றம் மூச்சுடையது, தாயுடையது இல்லை என்று வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். அழுதுவிட்டேன். மாமி எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

15-7
மாமி சோறு கொண்டுவந்தார்கள். பேசவில்லை.

19-7
இன்றைக்குப் பேசினார்கள். "டாக்டர் சரியாத்தாம்ளா சொன்னாரு. மாமியா பேர்லதான் குத்தம்."

இந்தியில் மாமியாரும் சாஸ், மூச்சும் சாஸ். மூச்சை மட்டும் கொஞ்சம் மூக்கால் சொல்லவேண்டும். அது எங்கள் காதில் எங்கே விழுகிறது!

"மாமி, அவர் சொன்னது மூச்ச—"

"இரு. ஒம் புருசன் சலாவுதீனுக்கு முந்தி எனக்கும் ஒண்ணு போச்சு. பாயில, எம் பக்கத்துலதான். எம் மாமியா சொன்ன சொல்லத்தான் ஒனக்குச் சொன்னேன்."

எவ்வளவு வெறுத்திருக்கிறேன் இவர்களை! கையைப் பிடித்துக்கொண்டேன். "மூச்சுதான் மாமி. நீங்களும் இல்ல, நானும் இல்ல."

2-2-86, ஞாயிறு
பானுவுக்கு எட்டு மாசம். மருந்து நிறுத்தி நாளாகிறது. ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த உறவுக்காரி மூத்தவளைப் பற்றிக் கேட்டாள். நான் தலைகுனிவதற்குள் மாமி சொன்னார்கள்: "மூச்சு நின்னு போச்சு. எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு."

மத்தியானம் பானுவின் பக்கத்தில் பாயில் சாய்ந்தேன். "நான் பாத்துக்கிடுதேன், தூங்கு," என்றார்கள். பள்ளிவாசலில் சாயங்கால அஸர் பாங்கு சொல்லும்வரை தூங்கியிருக்கிறேன்.