பறவைக் குளத்துக்கு ஒரு வேன்

வீரபாண்டி
10.11.2025

அன்புத் தங்கச்சி ராணிக்கு சாரதாமணி அக்கா எழுதிக்கொள்வது. நீயும் பாப்பாவும் சுகமா இருக்கோணும்னு தினமும் கும்புட்டுக்கறேன்.

எட்டு மாசமா நான் போன் பண்ணினா நீ எடுக்கறதில்ல. அவிநாசிபாளையத்துக்குக் குடி போயிட்டதைக்கூட ஆபீசு கூட்டற சுப்பாத்தா சொல்லித்தான் தெரியும். அதனாலதான் கடுதாசி. கோவம் இருந்தா படிச்சு முடிச்சுட்டுக் கோவிச்சுக்கோ.

விஷயம் இதுதான். வர்ற 23ஆம் தேதி ஞாயித்துக்கிழமை நம்ம கம்பெனியில எல்லாரையும் பெரியபாளையம் பக்கம் இருக்கற பறவைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. மேனேஜர் மாதவன் சார் ஏற்பாடு. காலையில அஞ்சே முக்காலுக்குச் சாயப்பட்டறை கேட்டுல இருந்து வேன். வெயில் ஏறுனா பறவையெல்லாம் தள்ளிப் போயிருமாம், ஆறரைக்குள்ள கரையில நிக்கோணும். டிபன் பொட்டலம் வேன்லயே குடுத்துருவாங்க. பத்து மணிக்கு ஊடு வந்து சேர்ந்துரலாம். நீ முந்தின நாளே வந்து என் ஊட்டுல படுத்துக்கோ. "காசிமாயன் சம்சாரத்தை மறக்காமக் கூப்பிடுங்க"ன்னு சாரே உன்னைச் சொன்னார்.

இன்னொண்ணு. பொட்டு வெச்சுட்டு வா. தலைக்கு நான் மல்லி வாங்கி வெக்கறேன். கழுத்து வெறுமனே இருக்குன்னு கூச்சப்படாதே, என் கவரிங் செயினைத் தர்றேன், சேலைக்குள்ள விட்டுக்கோ. உன் மாமியா ஏதாச்சும் சொன்னா என் பேரைச் சொல்லு. முப்பத்தஞ்சு வயசுல நீ எதுக்குக் கண்ணு நெத்தியை அழிச்சுட்டு உக்காரோணும்?

உன் அக்கா
சாரதாமணி


அவிநாசிபாளையம்
14.11.2025

சாரதா அக்காவுக்கு விஜயராணி எழுதுவது.

நான் ஐந்தாவதுதான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க. போனில் பேசினால் நீங்க அழுவீங்க. நீங்க அழுதால் நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் உங்க சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள் செத்து எட்டு மாதம் ஆகிறது. கூடப் பிறந்த அக்கா மாதிரி இருந்த நீங்க பதினாறாம் நாளுக்கு வரவில்லை. இப்போது பறவை பார்க்கக் கூப்பிடுறீங்க. லேபர் ஆபீசில் கம்பெனி என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஞாயிறு, லீவு, யாரும் கூப்பிடவில்லை, குடித்துவிட்டுத் தானாக வந்து விழுந்தான் என்று. விழுந்தான் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், விழுந்தார் என்றுகூட இல்லை. வக்கீல் அதை வாசிக்கும்போது பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஏழு மணி. கறி எடுக்கப் பையோடு வாசலில் நின்றார். போன் வந்தது. போன் பண்ணினது நீங்க. தெருப்பக்கம் போனவர் கொஞ்ச நேரம் கழித்து வந்து பையை என் கையில் கொடுத்தார். "டேங்க் கழுவணுமாம். ஒம்போது மணிக்கு வந்துருவேன். வந்து எடுத்துக்கிருவோம்" என்றார்.

ஞாயிறு வேலைக்கு டைம் ஆபீஸ் நோட்டில் பேர் ஏறாது என்று எனக்கும் தெரியும். செக்கிங் டேபிளில் நானும் எத்தனை ஞாயிறு நின்றிருக்கிறேன். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்து நோட்டைப் பார்ப்பார்கள், அதனால் எல்லா ஞாயிறும் லீவு என்று நீங்கதான் எழுதுவீங்க. பேர் ஏறாத நாளில் செத்ததால் என் வீட்டுக்காரர் வேலைக்கே வராதவர் ஆகிவிட்டார்.

டிசம்பர் 2 விசாரணை. நான்தான் கூப்பிட்டேன் என்று நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பீடிகூடக் குடிக்காத மனுசனைக் குடிகாரன் என்று எழுதிய காகிதம் அப்படியே இருக்கக் கூடாது.

பொட்டு விஷயம். இந்த எட்டு மாதத்தில் என்னைப் பெற்றவள்கூட அப்படிச் சொல்லவில்லை. உங்க மேல் கோபமாகத்தான் படித்தேன், அந்த இடம் வந்ததும் அழுதுவிட்டேன். பாப்பா ஓடிப்போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துவந்து அதுவே வைத்துவிட்டது. 23 வருகிறேன். மற்றதை நேரில் கேட்கிறேன்.

விஜயராணி


அவிநாசிபாளையம்
19.11.2025

சாரதாமணி அக்கா,

உங்க பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேற்று சுப்பாத்தா வந்தாள். உங்க ஆபீசைக் கூட்டுகிறவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஏனம்மிணி, நீயும் குளத்துக்குப் போறயாமா? போகாதே. மேனேஜர் ரூம்புல பேனர் அடிச்சுச் சுருட்டி வெச்சிருக்கறாங்க. தொழிலாளர் குடும்பச் சுற்றுலான்னு போட்டு, தேதி 9.3.2025ன்னு போட்டிருக்குது. ரெண்டு வாட்டி எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுத்தான் சொல்றேன்."

அச்சடித்தவன் தப்பாகப் போட்டிருப்பான் என்றேன். சுப்பாத்தா என் நெற்றியையே பார்த்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஒன்பதாம் தேதி காலையில் நான் தாலியோடு இருந்தவள். அந்த நாளில் எடுத்த படம் என்று காட்ட வேண்டுமென்றால் எனக்குப் பொட்டு வேண்டும். பூ வேண்டும். கழுத்தில் மினுங்க ஒரு செயின் வேண்டும். காலை ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன், போன் வந்ததைப் பார்த்தேன் என்று நான் விசாரணையில் சொல்லும்போது படத்தை எடுத்துப் போடுவீங்க. கம்பெனியே குளத்தில் நின்றது, இவளும் எங்களோடு சிரித்துக்கொண்டு நின்றாள், இவள் புருசனை யார் கூப்பிட்டது என்று கேட்பீங்க. சரி, கரையெல்லாம் மழைச் சேறாகக் கிடக்குமே, மார்ச் மாதத்தில் மழை எங்கே பெய்தது என்று ஆபீசர் கேட்டால்? சேற்றையும் மாதவன் சார் துடைத்துவிடுவாரா?

வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் பொட்டு வைத்திருக்க மாட்டேன். நீங்க சொன்னால் வைப்பேன் என்று தெரிந்துதான் உங்க கையால் எழுத வைத்திருக்கிறார்கள். அவரைத் தொட்டிக்குள் இறக்கினீங்க. என்னைக் கரையில் நிறுத்தப் பார்த்தீங்க. உங்க வீட்டுச் சோற்றை நானும் அவரும் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறோம்.

பொட்டைப் பிய்த்துப் போட்டேன். ஏன்மா என்று பாப்பா கேட்டது. என்ன சொல்வது? நீங்களே சொல்லுங்க, நான் என்ன சொல்வது?

குளத்துக்கு வரவில்லை. நீங்க 2ஆம் தேதி வந்து உள்ளதைச் சொல்லுங்க. சொல்லவில்லையென்றால் கம்பெனி கேட்டில் வந்து நின்று, ஷிப்ட் விடுகிற நேரத்தில், உங்க பேரைச் சொல்லிக் கேட்பேன்.

விஜயராணி


வீரபாண்டி
25.11.2025

ராணிக் கண்ணுக்கு,

உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். பேனர் எனக்குத் தெரியும். பொட்டு வெக்கச் சொல்லி எழுதுங்கன்னு சொன்னது மாதவன் சார். எழுதறப்ப உன் முகத்தைப் பொட்டோட நெனச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கும்னு எனக்கே தோணிப் போச்சு. அதனால எழுத்து தடையில்லாம வந்துச்சு. அதுதான் நான் செஞ்சதுலயே மோசம்.

வேன் போச்சு. நானும் போனேன். பேனருக்கு எடது பக்கம் நின்னேன். வெளிச்சம் வர்றப்ப தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துக் கூட்டம் ஒண்ணு தண்ணியில எறங்குச்சு. பனி மலையைத் தாண்டி வருதாம். அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. போட்டோ எடுக்கறவர், "வாத்து எங்கயும் போகாதுங்க, இங்க பாருங்க, இங்க பாருங்க"ன்னு கத்திட்டே இருந்தார். நான் மட்டும்தான் கேமராவைப் பார்த்துட்டு நின்னேன்.

என் மக ஜனனிக்குத் தை மாசம் கல்யாணம். இந்த வேலையில என்னைத் தூக்கிட்டா வேற எந்தக் கம்பெனியும் டைம் ஆபீசுல சேர்த்தாது. 2ஆம் தேதி கம்பெனிச் சாட்சின்னு என்னைக் கார்ல கூட்டிட்டு வர்றாங்க. என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல.

என்னைத் திட்டிக்கோ. கேட்டுக்கு மட்டும் வந்து நிக்காதே சாமி.

சாரதாமணி


அவிநாசிபாளையம்
4.12.2025

சாரதாமணி அவர்களுக்கு,

முந்தாநாள் நீங்க சொன்னது எல்லாம் எழுத்தில் ஏறிவிட்டது. மாதவன் சார் படத்தை மேசையில் வைத்தார். நீங்க, "இது போன மாசம் எடுத்ததுங்க" என்றீங்க. போன் பண்ணினது யார் என்று ஆபீசர் கேட்டதும், "நானுங்க" என்றீங்க. அவர் வேலைக்குப் போய்த்தான் செத்தார் என்று இப்போது காகிதத்தில் இருக்கிறது. சாயங்காலமே உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று சுப்பாத்தா சொன்னாள். அதற்கு நன்றி சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன்.

கூப்பிட்டதும் வந்தாரா என்று ஆபீசர் கேட்டார். நீங்க தலையைக் குனிந்துகொண்டு சொன்னீங்க.

"மொதல்ல வர மாட்டேன்னாருங்க. ரெண்டு வாட்டி போனை வெச்சுட்டாருங்க. போன வாரம் எறங்குனப்பவே மூச்சு அடைச்சுது, வாடை சரியில்லைன்னாருங்க. மூணாவது வாட்டிதான், நீங்க வரலைன்னா நாளைக்கு ராணிக்குச் செக்கிங்ல வேலை இருக்காதுன்னு சார் சொல்றார்னு சொன்னேனுங்க. அப்புறம் வந்துட்டாருங்க."

எட்டு மாதமாக நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் வேலை என்றதும் ஓடுகிற மனுசன், எங்களை நினைத்தாரா என்று போட்டோவைப் பார்த்துத் திட்டினேன். பாப்பா காது கேட்கத் திட்டினேன். அதுவும் அப்பாவைத் திட்டக் கற்றுக்கொண்டது. என் வேலைக்காக இறங்கினார் என்று எட்டு மாதமும் உங்களுக்குத் தெரியும். ஆபீசர் கேட்டதும் வாயில் வந்ததே, அதை என்னிடம் சொல்ல ஏன் வரவில்லை? அங்கே அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீங்க. எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஜனனி கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டாம். நான் வந்தால் சும்மா இருக்க மாட்டேன், அந்தப் பெண் என்ன பாவம் செய்தது.

நான் இப்போது இருக்கிற கம்பெனியில் துணியில் நூல் பிசிறு வெட்ட ஒரு ஆள் வேண்டும் என்கிறார்கள். நாற்காலி கிடையாது, நாள் முழுவதும் நின்று கத்தரி பிடிக்க வேண்டும். உங்க பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை எட்டரைக்குப் போய்ச் சூப்பர்வைசரைப் பாருங்க. காலியாக இருப்பது எனக்கு எதிர் இடம். வந்து நில்லுங்க. என்னிடம் பேச வேண்டாம்.

கா. விஜயராணி