ஆலப்பாக்கம் வேகத்தடை

12.1.2025, ஞாயிறு. கடலூர்.

காலை 8.10-க்கு என் மனைவி புஷ்பவள்ளி சிதம்பரம் பேருந்தில் ஏறினாள். தன் தங்கை அருள்மொழி வீட்டுக்கு. சென்ற டிசம்பர் 15 அன்று ஆலப்பாக்கம் வேகத்தடையில் என் கார் தூக்கிப் போட்டதில் பதினோரு நாள் இடுப்பு வலியோடு படுத்திருந்தாள். எழுந்தபின் இது மூன்றாவது பேருந்துப் பயணம்.

"ஒங்க வண்டியில ஏறுனா எலும்ப எண்ணிக்கிட்டுதான் எறங்கணும். பஸ்ஸே தேவலாம்" என்கிறாள்.

நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின், புதுச்சேரியிலிருந்து ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இருக்கைகள் இரண்டே. அவற்றில் ஒன்று காலியாகவே போய் வருவது முறையாகப் படவில்லை.

20.1.2025, திங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் மெக்கானிக் முஹம்மது யூசுப்பைப் பார்த்தேன். மென்மையான ஸ்பிரிங், அகலம் குறைந்த டயர். அதுதான் வழி என்றார். கூடவே எச்சரித்தார்: வளைவில் வண்டி சாயும், பிடிமானம் குறையும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சற்று யோசித்துத்தான் திரும்பும்.

"பந்தயக் குதிரைக்கு மெத்தை கட்டச் சொல்றீங்க சார். அப்பறம் ஓடலன்னு என்னைய வையக் கூடாது."

பி.முட்லூர் தாண்டி வரும் வளைவை மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் கோடு போட்டாற்போல் எடுப்பேன். நாலுவழிச் சாலை இருந்தும் பழைய சாலையில் போவதே அதற்காகத்தான். அதையா விடுவது?

29.1.2025, புதன்.

விட்டேன். யோசிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

டயர் அகலம் 205 மி.மீ. இருந்தது, இப்போது 185. ரிம் இரண்டு அங்குலம் சிறியது, ரப்பர் உயரம் அதிகம். வெளி விட்டம் ஐந்து மி.மீ.தான் கூடுகிறது. இருமுறை கணக்கிட்டேன்.

ஷாக் அப்சார்பரில் பதினாறு படி கொண்ட திருகு ஒன்று உள்ளது. "நடுவுல வெப்போம் சார்" என்றார் யூசுப். மென்மை வேண்டுமென்றுதானே வந்தோம், பாதி எதற்கு? கடைசிப் படி வரை தளர்த்தச் சொன்னேன்.

2.2.2025, ஞாயிறு.

இரண்டு நாள் கேட்டுக்கொண்டபின் புஷ்பவள்ளி காரில் ஏறினாள். புறப்பாடு 8.15. ஆலப்பாக்கம் வேகத்தடையில் இடிக்கவில்லை. ஆனால் தாண்டியபின் வண்டி நான்கு முறை ஏறி இறங்கிற்று. ஒவ்வொரு பள்ளத்திலும் அதே ஆட்டம். 9.02-க்குப் புதுச்சத்திரத்தில் வாந்தி எடுத்தாள்.

"இது காரா, பரங்கிப்பேட்டைப் படகா? எறக்கி வுடுங்க என்னைய."

பேருந்து ஏறிவிட்டாள். சிதம்பரம் வரை அந்தப் பேருந்தின் பின்னாலேயே ஓட்டிச் சென்றேன். முந்த இடம் இருந்தும் முந்தவில்லை. ஏன் — தெரியவில்லை.

3.2.2025, திங்கள்.

தவறு யூசுப்புடையது அன்று; என்னுடையது.

7.2.2025, வெள்ளி.

"ஸ்பிரிங்கு குதிக்கத்தான் செய்யும். அதப் புடிச்சு நிறுத்துறதுக்குத்தான் சார் ஷாக் அப்சார்பர். நீங்க கயித்த மொத்தமா அவுத்து வுட்டுட்டீங்க." சொல்லிவிட்டு யூசுப் திருகை ஒன்பதாம் படியில் வைத்தார். ஒருமுறைகூட 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நில அளவைக்கு வைத்திருந்த ரசமட்டத்தை முன்பலகையில் ஒட்டி வைத்துத் தனியாக ஓட்டினேன். வேகத்தடை தாண்டியதும் அதன் குமிழி ஒரே ஆட்டத்தில் நடுவுக்கு வந்தது.

முட்லூர் வளைவில் 70 இனி இல்லை. 50-இல் வண்டி சாய்கிறது. 55-இல் டயர் முனகுகிறது. அதற்கு மேல்தான் மெல்ல நழுவத் தொடங்குகிறது. முன்பு 70-இலும் வாய் திறக்காது. எந்த நொடியில் கைவிடும் என்று தெரியாது. இப்போது குறைந்த வேகத்திலேயே கைக்கு வேலை அதிகம். எனக்கு இது பிடித்திருக்கிறது. யூசுப்பிடம் சொல்லவில்லை.

23.2.2025, ஞாயிறு.

ரசமட்டக் கணக்கைப் புஷ்பவள்ளிக்கு விளக்கினேன். பை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"குமிழி எங்க நிக்குதுன்னு எனக்கு எதுக்குங்க? ஒங்களுக்கு இடுப்பு வலிச்சா ரசமட்டத்துக்கா தைலம் தடவுவீங்க?"

பேருந்தில் போனாள்.

9.3.2025, ஞாயிறு.

பேருந்தில் இடமின்றிச் சிதம்பரம் வரை நின்றுகொண்டே போனாளாம். அருள்மொழி தொலைபேசியில் சொன்னாள்: "மாமா, அக்காவால குனிய முடியல." நான் என்ன செய்ய? ஏற மாட்டேன் என்கிறாளே — தூக்கியா வைக்க முடியும்?

16.3.2025, ஞாயிறு.

அவளே சொன்னாள்: "ஆலப்பாக்கம் மேடு வரைக்கும் வரேன். வலிச்சா எறங்கிடுவேன். ஒண்ணும் பேசக் கூடாது."

பேசவில்லை. புறப்பாடு 8.15, வேகத்தடை 8.41. அவள் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தாள். தாண்டினோம். "போங்க" என்றாள், அவ்வளவே.

முட்லூர் வளைவில், செடியோடு பிடுங்கிய உளுந்தைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறினால் நெற்று உடையும். 45-இல்தான் வந்தேன். ஆயினும் காய்ந்த செடி மேல் பின்பக்கம் வழுக்கிற்று. முதலில் சாய்ந்தது, பிறகே நழுவியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப நேரம் இருந்தது. பழைய டயரிலும் ஸ்பிரிங்கிலும் இந்த அவகாசம் கிடைத்திராது. ஓரமாக நிறுத்தி, அடியில் சிக்கிய செடிகளை எடுத்தேன். உளுந்துக்காரப் பெண்மணி வந்தார்.

"ஐயா, இன்னும் ரெண்டு தபா ஏத்திட்டுப் போங்களேன். காலையிலேருந்து லாரியே வரல."

புஷ்பவள்ளி சிரித்துவிட்டாள். டிசம்பர் 15-க்குப் பின் இந்தக் காருக்குள் அவள் சிரித்தது இன்றுதான்.

"இப்ப சொல்லிட்டு வழுக்குதுங்க" என்றாள் பிறகு. "முன்னல்லாம் சொல்லாம கொள்ளாம தூக்கிப் போடும்."

சிதம்பரம் 9.38.

17.3.2025, திங்கள்.

இடுப்பு வலி இல்லையாம். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

30.3.2025, ஞாயிறு.

புறப்பாடு 8.15. ஆலப்பாக்கம் தாண்டியபின் பக்கத்தில் பேச்சில்லை, திரும்பிப் பார்த்தேன். தலை சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். முட்லூர் வளைவை 30-இல் எடுத்தேன். அருள்மொழி வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அவளே விழிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சிதம்பரம் சேர்ந்த நேரம் குறிக்கவில்லை.