முக்திநாத் இறக்கம்

அன்புள்ள உங்களுக்கு, நிர்ஜலா எழுதுவது. முதுகுவலி தேவலையா? அத்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

வியாழனன்று முக்திநாத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியபடி சைக்கிளில் இறங்கும்போது, காற்று என்னை ஒரு வாற்கோதுமை வயலில் தள்ளிவிட்டது. வயல்காரி ஓடி வந்து, "அடியே, இவ்ளோ பெரிய மலையில விழுறதுக்கு என் பயிருதான் கெடச்சுதா?" என்று திட்டினாள். பிறகு அவளே என் மணிக்கட்டில் துணி சுற்றி, வெண்ணெய்த் தேநீரும் கொடுத்தாள். எலும்பு முறியவில்லை, பயப்படாதீர்கள்.

கம்பளிக் கையுறை அனுப்புங்கள். நம் மகள் சம்ஜனாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். சைக்கிள் கேட்டு அழுகிறாளாமே? வாங்கிக் கொடுங்கள். ஆனால் தசைன் பண்டிகைக்கு நான் வரும்வரை யாரும் ஓட்டக் கற்றுத்தர வேண்டாம். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது நானாக இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் ஜீப்காரர் கூப்பிடுகிறார்.

உங்கள் நிர்ஜலா