தட்டா, குக்கரா

அன்புள்ள அம்மாவுக்கு, ஷாரோன் எழுதுவது. ஸ்தோத்திரம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? நெதர்லாந்தில் குளிர்தான், ஆனாலும் நான் நன்றாக இருக்கிறேன்.

என்னோடு பயிர்க் காப்பீட்டு ஆராய்ச்சி செய்யும் சுபாஷ்ரீயை நம் வீட்டில் தங்கவைத்ததற்கு நன்றி. சொந்த ஊரில் நான் கேள்வி கேட்டால் பதில் மாறிவிடும் என்று பேராசிரியர் என்னை உத்திரமேரூருக்கு அனுப்பவில்லை. அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாயாம், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாயாம். போட்டோவில் என் நைட்டியைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அதைத் துவைத்து எடுத்து வை. அவளிடம் மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பு. உன் பழைய புடவை ஒன்றும், துவைக்காமல்.

யார் எவ்வளவு துணிவார்கள் என்று பார்க்க ஊராரிடம் ஆடும் அந்த விளையாட்டை உன்னிடமும் ஆடினாளாம். எவர்சில்வர் தட்டை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் பைக்குள் கை விட்டு ஒரு மணியை எடுக்கலாம், சிவப்பு மணி வந்தால் குக்கர், கறுப்பு வந்தால் ஒன்றுமில்லை. நீ தட்டே போதும் என்றாயாம். ஏன் என்றதற்கு, "பெத்த பொண்ணயே அவ்ளோ தூரம் அனுப்பிட்டு பயந்துகினு கீறேன். இன்னொண்ணு தாங்காதும்மா" என்றாயாம்.

அந்தக் கேள்வியை எழுதியது நான். பதிலை அவளிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் போனில், "நல்லா கீறோம், நீ படி" என்பதோடு சரி.

பஸ் வந்துவிட்டது. அந்தத் தட்டில் மட்டும் அவளுக்குச் சோறு போடாதே.

ஷாரோன்